வாளி, சாவி, மல்லி, தோணி, பல்லி

பெருங்களத்தூர் தாண்டுவதற்குள்ளேயே வேன் நின்றுவிட்டது, நின்றதும் குணசுந்தரிக்கு முட்டி வலி வந்தது, ஓடும்போது வராத வலியெல்லாம் உட்கார்ந்த பிறகு வந்து நலம் விசாரிக்கும், இந்த நாற்பத்தாறு வயதில் அவளுடைய உடம்பு பழகிக்கொண்ட மரியாதை அது. தொடர் லீவு முடிகிற சாயங்காலம், ஊருக்குப் போன ஜனமெல்லாம் மூட்டை முடிச்சோடு சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, முன்னால் பார்த்தால் பஸ், பக்கத்தில் பார்த்தால் பஸ், தேசிங்கு அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டார், அவர் அப்படிச் செய்தால் இப்போதைக்கு நகராது என்று அர்த்தம். பின்சீட்டுகளில் பிள்ளைகள். தைலமும் வேர்வையும் மிச்சப் புளிசாதமும் கலந்து ஒரு வாடை, மாநிலப் போட்டியில் அரையிறுதி ஜெயித்த ரக்பி டீமின் வாடை இதுதான் போலிருக்கிறது, இத்தனை வருஷ பி.டி. டீச்சர் வாழ்க்கையில் அவள் முகர்ந்தது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருக்க வேண்டும். ஹெட்மிஸ்ட்ரஸ் ஃபோன் பண்ணி, நாளைக்குக் கப்போட வாங்க குணா என்று சொல்லிவிட்டார், ராயபுரத்தில் ஒரு கவர்மெண்ட் பள்ளிக்கூடம், அதில் பொட்டைப்பிள்ளைகள், அதுகள் ரக்பி ஃபைனலில், யார் கேட்டாலும் புருவத்தை உயர்த்துவார்கள், சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அவளுக்குத் தூங்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை, அசதி. பக்கத்தில் ஜன்னலோரம் மோகனப்பிரியா முகத்தின்மேல் துண்டைப் போட்டுச் சாய்ந்திருந்தாள். டீமின் கேப்டன். பதினொன்றாம் வகுப்பு. எதிரே வரும் வண்டி விளக்கில் கண் கூசுகிறது என்று துண்டை அவளேதான் போட்டுக்கொண்டாள். அசதிதான், அவளுக்கும். ஆட்டம் ஆடின பிள்ளைக்கு அசதி வராமல் என்ன வரும். வார்த்தை ஐந்தையும் சொன்னாள் அல்லவா, அப்புறம் என்ன, குணசுந்தரி காலை நீட்டினாள், முன்சீட்டுக் கம்பி இடித்தது, மடக்கிக்கொண்டாள்.

அந்த அடி அப்படியொன்றும் பெரிய அடி இல்லை. சத்தம் கூட வரவில்லை, அல்லது வந்ததா, கூட்டம் கத்தியதில் கேட்கவில்லையா. கோயம்புத்தூர் டீமில் கால் நீளமான பெண் ஒருத்தி பந்தை அணைத்துக்கொண்டு நேராக வந்தாள், கடைசி நிமிஷம், நாம் முன்னிலையில் இருக்கிறோம், இவளை விட்டால் போச்சு, மோகனா பாய்ந்து தொடையைப் பிடித்தாள், பிடி என்றால் அப்படி ஒரு பிடி, அந்தப் பெண் சாய்ந்த தென்னை மாதிரி விழுந்தாள். மோகனா தலையை மட்டும் தப்பான பக்கம் வைத்துவிட்டாள், வந்த முட்டி அதில் பட்டது. ஓடி வருகிறவளின் முதுகுப் பக்கம் தலை போகணும், கன்னத்தை அவ பின்னால ஒட்டுடி, முன்னால கொண்டு போவாத, முட்டி வந்து மண்டைய பேத்துரும் என்று எத்தனை ஆயிரம் தடவை தொண்டை வறளக் கத்தியிருப்பாள். ஆனால் மோகனா கபடியிலிருந்து வந்தவள். டீமில் பாதிப் பேர் கபடியிலிருந்து வந்தவர்கள்தான், கொண்டு வந்ததே குணசுந்தரிதான், ரக்பிக்கு ஆள் எங்கே கிடைக்கும், கபடியில் பிடிக்கத் தெரிந்தவள் இதிலும் பிடிப்பாள் என்று அவளே ஒரு கணக்குப் போட்டாள், கணக்கும் சரியாகத்தான் வந்தது, ஆனால் கபடியில் காலைப் பிடிக்கப் பாய்கிறவள் தலையைக் குறுக்கே கொடுப்பாள், அங்கே ஏறி வருகிறவள் நிதானமாக வருகிறாள், இங்கே ரயில் மாதிரி வருகிறார்கள். பயமில்லாதபோது தலை சரியான பக்கம் போகும். அவசரம் என்று வந்துவிட்டால் உடம்பு பழைய பாடத்துக்கு ஓடிவிடுகிறது. மோகனா விழுந்தாள், எழுந்தாள். எழுவதற்கு முன்னால் புல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு நொடி இருந்தாளே, அது எதற்கு. கீழே விழுந்துவிடுவோம் என்று பயந்த மாதிரி, கீழேயே இருந்துகொண்டு. விசில் ஊதிவிட்டார்கள், ஜெயித்தாயிற்று, பிள்ளைகள் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டார்கள், ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் எல்லைக் கோட்டில் நின்று ஓகேவா மேடம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள், குணசுந்தரியும் கட்டைவிரலைத் தூக்கினாள். தூக்கிவிட்டுத்தான் மோகனாவிடம் போனாள். முதலில் போயிருக்க வேண்டுமோ.

போய்ச் செய்ய வேண்டியதைச் செய்தாள், அதில் குறை சொல்ல முடியாது. எந்த கிரவுண்டுடி இது, எந்த டீமோட ஆடினோம், எல்லாம் கேட்டாள். மோகனா சொன்னாள். அப்புறம் அந்த ஐந்து வார்த்தை. வாளி, சாவி, மல்லி, தோணி, பல்லி. நிதானமாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, ஒற்றைக் காலில் நிற்க வைத்து, கொஞ்ச நேரம் கழித்து, இப்போ அந்த வார்த்தையெல்லாம் சொல்லு பார்ப்போம் என்றாள். மோகனா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். வாளிசாவிமல்லிதோணிபல்லி. குணசுந்தரிக்கு நெஞ்சில் அடைத்திருந்த காற்று வெளியே வந்தது, என் ராசாத்தி என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள், சுற்றி நின்ற பிள்ளைகள் ஹோ என்று கத்தினார்கள். ஏன் கத்தினார்கள். ஐந்து வார்த்தை சொன்னதற்கு, பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் டிரை போட்ட மாதிரி எதற்குக் கத்த வேண்டும். சந்தோஷம், பின்னே, கேப்டன் நல்லா இருக்கா என்றால் கத்த மாட்டார்களா. இந்த வார்த்தைகளுக்கும் ஒரு கதை உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் பி.டி. டீச்சர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள், தலையில் அடி பட்டால் என்ன செய்வது என்று, ஒல்லியாக ஒரு டாக்டர் வந்தார், மைக் வேலை செய்யவில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் பாதி ஹால் தூங்கிக்கொண்டிருந்தது. குணசுந்தரி தூங்கவில்லை. ரத்தம் வந்தால் தெரிந்துவிடும் மேடம், எலும்பு உடைந்தால் தெரிந்துவிடும், மூளை குலுங்கினால் வெளியே ஒன்றுமே தெரியாது, சந்தேகம் வந்தால் அன்றைக்கு வெளியே உட்கார வையுங்கள், குலுங்கின மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் பிள்ளை பிழைக்கிறதே கஷ்டம் என்றார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து வார்த்தை சொல்லித் திரும்பக் கேளுங்கள் என்றார், கொடுத்த வார்த்தை எல்லாம் இங்கிலீஷ், இதுகளுக்கு இங்கிலீஷில் சொன்னால் அடி படாமலே மறந்துவிடும் என்று திரும்பி வரும் பஸ்ஸில் அவளே தமிழில் யோசித்தாள். வாளி வந்தது, சாவி வந்தது, அப்புறம் மல்லி, எல்லாம் ஒரே மாதிரி முடிகிறதே என்று ஒரு குஷி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே தோணி, பல்லி என்று முடித்தபோது பாட்டு எழுதிவிட்ட மாதிரி இருந்தது. சம்பந்தமில்லாத வார்த்தை என்றாரே. வாளிக்கும் பல்லிக்கும் என்ன சம்பந்தம். ஒவ்வொரு தடவையும் வார்த்தையை மாற்றுங்கள் என்று கூடச் சொன்னார். மாற்ற வேண்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம். சைக்கிள் கொடுக்கிற வேலை வந்தது, தேர்தல் வேலை வந்தது, கணக்கு டீச்சர் விளையாட்டுப் பீரியடைக் கடன் வாங்கிக்கொண்டே இருந்தாள், வீட்டில் சுகர் ஏறின புருஷன், இதற்கு நடுவில் உட்கார்ந்து யார் புதுசு புதுசாக வார்த்தை தேடுவது.

தாம்பரம் தாண்டும்போது ஃபோன் அடித்தது, மோகனாவின் அம்மா நிர்மலா, இறால் கம்பெனியில் வேலை முடித்து வருகிற நேரம். "ஜெயிச்சிட்டீங்களாமே மிஸ், கூட ஆடுற எப்சிபா அம்மா சொன்னாங்க. எம்பொண்ணு நல்லாக்கீறாளா? மூஞ்சில ஒன்னும் அடி இல்லையே?" குணசுந்தரி திரும்பிப் பார்த்தாள், துண்டுக்குக் கீழே தாடை தெரிந்தது, ஒரு கீறல் கூட இல்லை. "மூஞ்சில ஒன்னும் இல்லம்மா" என்றாள். பொய் இல்லை. சேர்த்த அன்றைக்கும் நிர்மலா இதையேதான் கேட்டாள், பள்ளிக்கூட வாசலில் நின்று, மூஞ்சில அடி படாம பாத்துக்கங்க மிஸ், நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஒன்னு இருக்குல்ல. பாத்துக்கறேன்மா, எம்பொண்ணு மாதிரி என்று சொன்னாள் குணசுந்தரி, அதற்காகப் பல்லுக்கு மாட்டுகிற கார்டுகூட எல்லாருக்கும் வாங்க வைத்தாள், நகம் வளர்த்தால் வெட்டிவிட்டாள், கம்மல் மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வாங்கிக்கொண்டாள், வெளியே தெரிகிற இடத்தையெல்லாம் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஃபோனை வைத்த பிறகு அவளுக்கு ஏனோ தன் வீட்டு ஷோகேஸ் ஞாபகம் வந்தது. அதில் ஒரு கப் இருக்கிறது, கபடியில் யுனிவர்சிட்டி ஃபைனல் கப், அதன் சர்டிபிகேட்தான் அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது, பேப்பரில் போட்டோ வந்தது, நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு இளித்துக்கொண்டு நிற்கிறாள். முதல் பாதியிலேயே எதிராளியின் முழங்கை பொட்டில் பட்டதாம். அப்புறமும் ஆடினாளாம். நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்தாளாம். எல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான். அந்த ஆட்டம் அவளுக்கு ஞாபகமே இல்லை. ஹாஸ்டலில் காலையில் இட்லி சாப்பிட்டது தெரியும், அடுத்தது ராத்திரி யாரோ தலையில் ஈரத்துணி வைப்பது தெரியும், நடுவில் ஒன்றும் கிடையாது, துடைத்துவிட்ட போர்டு. சிங்கம்டீ குணா என்றார்கள். அவளும் சிங்கம் என்றே நினைத்துக்கொண்டாள், வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தக் கப்பைக் காட்டினாள், பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள், அடி பட்டாலும் எழுந்து நின்னேன்டீ நான். சொல்லாமல் இருந்திருக்கலாம். மோகனா முதல் வரிசையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது இப்போது கண்ணில் வந்து நின்றது. நாளைக்கு ஃபைனலுக்கு இந்தியா கேம்ப்புக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருகிறார்கள், மோகனா பெயரைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், கேம்ப் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ், காலேஜ் கிடைத்தால் இறால் கம்பெனி வாடை இவள் கையில் ஏறாது. ஒரு கப்பினால் ஒரு வாழ்க்கை வருகிறது, குணசுந்தரிக்கு வரவில்லையா. வந்ததே. அது சரியாக இருந்தால் இதுவும் சரிதானே. சரிதான். சரியா.

பின்னால் பிள்ளைகள் அந்தாக்ஷரி ஆரம்பித்துவிட்டார்கள், மோகனா துண்டுக்குள்ளிருந்து, "மிஸ், நாளைக்கு மேட்ச் எத்தினி மணிக்கு?" என்றாள். "பத்து மணிக்கும்மா, தூங்கு." இதை வேனில் ஏறும்போதும் கேட்டாள். ஏறும்போது கேட்டாளா, இல்லை, அது வேறு யாரோ. இல்லை, இவள்தான். பரபரப்பு, ஃபைனல் என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும். பல்லாவரத்தில் ஒரு விமானம் தலைக்கு மேலே உரசிக்கொண்டு இறங்கியது, அந்த இரைச்சலுக்கு மோகனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முழங்காலில் முகத்தைப் புதைத்தாள், கடற்கரையில் பட்டாசு மாலையைக் கையில் பிடித்துக் கொளுத்துகிற பெண் அவள். இரைச்சல் அடங்கின பிறகும் பொத்தின கையை எடுக்கவில்லை. குணசுந்தரி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பசி மயக்கமாக இருக்கும், மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வார்த்தை சொன்னாளே. ஐந்தும் சொன்னாள், ஒன்று விடாமல், வரிசை மாறாமல், ஒரே மூச்சில். நல்லா இருக்கிற நாளிலேயே இவள் எதையும் ஒரே மூச்சில் சொல்கிறவள் இல்லையே, தமிழ் டீச்சர் திருக்குறள் ஒப்பிக்கச் சொன்னால் இரண்டு அடிக்குள் நாலு தடவை மேலே பார்க்கிறவள். வாளிசாவிமல்லிதோணிபல்லி. அந்த இழுப்பு. தோ என்று தூக்கி, ணி என்று இறக்கி. அவள் இந்த இழுப்பை எங்கேயோ கேட்டிருக்கிறாள், இன்றைக்கு இல்லை, கிரவுண்டில், நம் கிரவுண்டில், காலையில், வேப்பமரத்தடியில் அவள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறாள், பிள்ளைகள் வரிசையாகச் சுற்றி ஓடி வருகிறார்கள், முன்னால் எப்சிபா கத்துகிறாள், வாளி சாவி, பின்னால் எல்லாரும், மல்லி தோணி, அப்புறம் எல்லாரும் சேர்ந்து, பல்லீ. புதுசாகச் சேர்ந்த பிள்ளைகூடக் கத்துகிறது. குணசுந்தரி சிரித்தாள் அன்றைக்கு. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என் பாட்டைப் பிள்ளைகள் பாடுகிறார்கள். என்ன மண்டை இது, அவள் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள், நிஜமாகவே, கை உயர்ந்து வந்து குட்டியது. அதுகள் பாடவில்லை. படித்துக்கொண்டிருந்தன. பரீட்சை என்று ஒன்று வைத்தால் இந்த ஊர்ப் பிள்ளைகள் வேறென்ன செய்யும், கேள்வி தெரிந்துபோன பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும், அதைத்தானே ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் சொல்லிக் கொடுக்கிறோம், ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுக்கிற மாதிரி பெரியவள் சின்னவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறாள், அடி பட்டா மிஸ் இதான் கேக்கும், இதைச் சொன்னா ஆட விட்டுரும். வெளியே எடுப்பதற்காக டாக்டர் கொடுத்த கேள்வி. அதை உள்ளே விடுகிற டிக்கெட்டாக ஆக்கினது பிள்ளைகள் இல்லை, அவள்தான், ஒவ்வொரு தடவையும் பதிலைக் கேட்டுவிட்டு, போ, போய் ஆடு என்று முதுகில் தட்டி அனுப்பினாளே. யார் யாரை அனுப்பினாள். போன வருஷம் அனுசுயாவை. அவளுக்கு அப்புறம் அடிக்கடி தலைவலி என்று லீவு லெட்டர் வந்தது, நடிப்பு என்று க்ளாஸ் டீச்சர் சொன்னாள், குணசுந்தரியும் ஆமாம் என்று தலையாட்டினாள். இன்னும் யார். அவளுக்கு அழ வேண்டும்போல இருந்தது, பிள்ளைகளுக்கு முன்னால் அழ முடியாது என்று கண்ணை அகல விரித்து வெளியே பார்த்தாள்.

வெளியே கடைகள். மெத்தைக் கடை, அதற்குப் பக்கத்தில் இளநீர் வண்டி, மேலே மெட்ரோ பாலம். மெத்தை, இளநீர், பாலம். வார்த்தை தேட நேரமில்லை என்று மூன்று வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாளே, ரோட்டில் கொட்டிக் கிடக்கிறது. கேட்காமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும், வந்தது, இப்படியே கண்ணை மூடிக்கொண்டால் ராயபுரம் வந்துவிடும், நாளைக்குப் பத்து மணிக்கு ஃபைனல், சாயங்காலம் கப், யாருக்கும் ஒன்றும் ஆகாது, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, அவளுக்கு என்ன ஆகிவிட்டது, நன்றாகத்தானே இருக்கிறாள், ஒரு நாளைத்தானே காணோம். அந்த ஒரு நாளை நினைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மெதுவாக மோகனாவை நிமிர்த்தி, முகத்துத் துண்டை விலக்கினாள். "மோகனா, இங்க பாரும்மா. அஞ்சு வார்த்த சொல்றேன், கேட்டுட்டு திருப்பி சொல்லு. மெத்தை. இளநீர். பாலம். ஊசி. கடிகாரம்." மோகனா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தாள், பார்க்கிற கண் கொஞ்சம் தள்ளி எங்கேயோ நின்றது. அப்புறம் சிரித்தாள், இது எனக்குத் தெரியாதா என்கிற சிரிப்பு, கண்ணை மூடிக்கொண்டாள். "வாளி, சாவி, மல்லி, தோணி, பல்லி." தோவைத் தூக்கி, ணியை இறக்கி. பின்சீட்டில் அந்தாக்ஷரி நின்றுபோனது. பக்கத்து பஸ்ஸின் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது, குணசுந்தரி திரும்பவில்லை, ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் எப்சிபா முன்னால் குனிவதும், சீட்டு இடுக்கு வழியாக மோகனாவின் காதோரம் வாயைக் கொண்டுபோவதும் தெரிந்தது. "மெத்தை" என்று கிசுகிசுத்தாள் எப்சிபா. "மெத்தைடீ. இளநீர்." குணசுந்தரிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "விடு எப்சி" என்றாள். எப்சிபா விட்டுவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள், "நாங்க வேணும்னே பண்ல மிஸ்" என்று அழ ஆரம்பித்தாள், அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். "தெரியும்டீ" என்றாள் குணசுந்தரி. தெரியும், எல்லாம் தெரியும், இவ்வளவு நேரம் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னால் போனாள். "அண்ணே, ராயபுரம் வேணாம். வழியில எது பெரிய ஆஸ்பத்திரியோ அங்க விடுங்க. சீக்கிரம்." தேசிங்கு அண்ணன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வண்டியை இடது ஓரத்தில் நுழைத்தார். ஃபைனல் இல்லை மோகனாவுக்கு, கேம்ப் இல்லை, நிர்மலாவிடம் சொல்ல வேண்டும், ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்ல வேண்டும், அனுசுயா வீட்டுக்குப் போக வேண்டும், எல்லாம் வரிசையில் நின்றது, அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, மோகனாவின் தலை ஆடாமல் இருக்கத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். வேன் போகும் அவசரத்தில் மோகனா கண்ணைத் திறந்து, அழுகிற பிள்ளைகளையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுக்கு மிஸ் ஆஸ்பத்திரி?" என்றாள், கேப்டனுக்குரிய கவலையோடு. "யாருக்கு மிஸ் அடிபட்டுது?"